முனைவர் அன்பரசன், கைநாட்டு

போன வருஷம் வரை கம்பெனிக் கோப்பில் அன்பரசன் ஒரு கைநாட்டு. படிப்பு என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் இடது கைப் பெருவிரல், நீல மையில், கொஞ்சம் ஈஷியபடி. பாஸ்போர்ட்டிலும் அதே விரல்தான். ஆனால் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டு பீரோவில், மனைவியின் புடவைகளுக்கு அடியில், புவியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று அவரைச் சொல்லும் காகிதம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. இப்படியும் ஒரு மனிதர் உண்டா என்று கேட்பவர்கள் வளைகுடாப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். இல்லாத படிப்பைச் சொல்லி வேலை வாங்கினவர்களைப் பற்றி இங்கே ஊரே பேசும். இருக்கிற படிப்பை மறைத்து வேலை வாங்கினவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. அவர்கள் வாயைத் திறந்தால்தானே.

ஏழு வருஷம் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் அவர் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். பெயரிலேயே கௌரவம் இருக்கிறதே, வேறு எதற்கு என்று மேலே இருப்பவர்கள் நினைத்துவிட்டார்கள் போலும். ஒவ்வொரு ஜூன் மாதமும் கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். ஒரு ஜூனில் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, திருச்சியில் ஆள் அனுப்பும் ஏஜென்ட் சாதிக் பாட்ஷாவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“இருக்கது சர்வே ஹெல்பர் விசா ஒண்ணுதான்” என்றார் பாட்ஷா. “அதுக்குப் படிச்சவன எடுக்க மாட்டான். படிச்சவன் ரெண்டாம் மாசமே சூபர்வைசர் வேல கேப்பான், இல்ல லேபர் கோர்ட்டுக்குப் போவான். சர்டிபிகேட்ட மறந்துருங்க. பாஸ்போர்ட்டுக்கே ரேகை வச்சிருங்க. அப்பத்தான் சந்தேகம் வராது.”

பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தியபோது தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று அன்பரசன் பிற்பாடு மனைவி பானுப்பிரியாவிடம் சொன்னார். அது பொய். வெளியே வந்து சாலையோரக் குழாயில் விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இரண்டு வருஷந்தான் என்று அவளிடம் கணக்குச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். இரண்டு, ஒன்பதாயிற்று.

சார்ஜாவில் சஜா பகுதியில் கேம்ப். சாலை போடும் இடங்களில் அளவுகோலை நட்டு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. தூரத்தில் கருவிக்குப் பின்னால் நிற்கும் சர்வேயர் எண்களைச் சத்தமாகச் சொல்லுவார். அந்த மட்டத்தில் சாலை போட்டால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழியும், எங்கே தேங்கும் என்று அன்பரசனின் தலைக்குள் தானாகவே கணக்கு ஓடும். தப்பு தெரிந்தாலும் தெரியாதவர்போல வெயிலில் நிற்பதற்குத்தான் சம்பளம். நின்றார்.

அவர் வந்த முதல் வருஷமே, பி.காம். படித்ததை மறைத்திருந்த ஒரு பையனைக் கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்தபிறகு அவர் அறையில்கூட ஒரு வார்த்தை படிக்கவில்லை. தண்ணீர் பாட்டில் மேல் இருக்கும் எழுத்தைக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டிலிருந்து வாட்ஸப்பில் எழுத்தாக ஏதாவது வந்தால் கழிப்பறைக்குள் போய்ப் படிப்பார். எழுதாதே, பேசி அனுப்பு என்று பானுப்பிரியாவிடமும் சொல்லிவைத்தார்.

பக்கத்துக் கட்டில் கார்மேகத்துக்கு இது பொறுக்கவில்லை. கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரன், அன்பரசனைவிட ஏழு வயது இளையவன், எட்டாம் வகுப்பு வரை படித்தவன். “எழுதப் படிக்கத் தெரியாம இந்த ஊர்ல எப்படிண்ணே பொழைப்பீக? எவனாவது ஒரு பேப்பர நீட்டி ஏமாத்திப்புடுவான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை, அப்போதெல்லாம் இங்கே வெள்ளிதான் லீவு, பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் பெரிதாக ‘அ’ எழுதி அவர் மடியில் வைத்தான்.

ஆறு மாதம் நடந்தது அந்தப் பள்ளிக்கூடம். வாரம் தவறியதில்லை. கார்மேகம் அவர் கையைப் பிடித்து எழுத வைப்பான், தப்பு செய்தால் தலையில் அடித்துக்கொள்வான், சரியாக எழுதினால் டீ போட்டுத் தருவான். கோணலாக எழுதுவதுதான் அன்பரசனுக்குப் பெரும்பாடாக இருந்தது. விரல் பழகிய பக்கமே ஓடும். இழுத்துப் பிடித்து நடுங்க வைக்க வேண்டும். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரைவிட்டு வந்த பின் ஒரு மனிதன் அவருக்காக இவ்வளவு மெனக்கெட்டது அதுதான் முதல் தடவை. பயம் பாதி, அந்த ஆசை பாதி. உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அவர் தன் பெயரை எழுதிக் காட்டிய அன்று கார்மேகம் அறைக்கே பிரியாணி வாங்கினான். அதற்குப் பிறகு கேம்பில் யாரைப் பார்த்தாலும், “இது நான் எழுத வச்ச ஆளு” என்று அன்பரசனின் தோளைத் தட்டிச் சொல்வான். கம்பெனிக்கும் விஷயம் போயிற்று. அந்த வருஷத்தின் சிறந்த தொழிலாளி என்று அவனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் படித்துச் சொல்லும் பொறுப்பையும் வெள்ளை ஹெல்மெட்டையும் கொடுத்தார்கள். சுமை தூக்கும் வேலை அதோடு நின்றது. கார்மேகத்தின் வாழ்க்கையில் அவன் ஜெயித்தது அந்த ஒன்றுதான்.

போன வருஷம் அஜ்மான் பக்கம், ஒரு இந்தியப் பல்கலைக்கழகத்தின் கிளைக்கு எதிரே சாலை வேலை நடந்தது. அன்பரசன் அளவுகோலோடு நின்றுகொண்டிருந்தார். கார்மேகம் அன்று வேறு சைட்டில். கேட்டைவிட்டு வெளியே வந்த ஒரு பெண் அவரைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தாள்.

“அன்பரசன் சார்தானே?”

ஒன்பது வருஷமாக யாரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அவர்தான் எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

“நான் சுபிஷா சார். குளச்சல். உங்க கிளாஸ்ல படிச்சேன். இப்ப இங்க ஆபீஸ்ல வேல” என்றாள். அவருடைய மஞ்சள் மேலாடையையும் கையிலிருந்த கோலையும் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. நல்ல பிள்ளை, எப்படி இப்படி ஆனது என்று கேட்கவில்லை. “சார், இங்க ஜாக்ரபிக்குப் பார்ட் டைமா ஒரு ஆள் தேடுதாங்க. வேலைக்குப் போயிட்டே படிக்கவங்களுக்கு, ஞாயித்துக்கிழம மட்டும் மூணு மணி நேரம். விளம்பரத்த அனுப்புதேன். சாரு அப்ளை பண்ணணும்.”

ஞாயிற்றுக்கிழமைதான் இப்போது கம்பெனிக்கும் லீவு. மூன்று மணி நேரம். அதற்கு மேல் அவருக்கு ஆசையும் இல்லை. சாகும் முன் இன்னொரு தடவை சாக்பீஸோ, இப்போது என்ன வைத்திருக்கிறார்களோ, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அதற்காக உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கிக் கிடந்தோம் என்பது அந்த விளம்பரம் போனில் வந்து விழுந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

பானுப்பிரியாவுக்குப் போன் போட்டு, பீரோவில் இருக்கும் சான்றிதழ்களைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்.

“பூச்சி கீச்சி அரிச்சிருக்கான்னு பாரு” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் வெயில்ல காய வச்சுத்தான் மடிக்கேன்” என்றாள் அவள். எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பதினோரு படங்கள் வந்தன.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரெய்லர் நிழலில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினார். தற்போதைய வேலை என்ற கட்டத்தில் சர்வே ஹெல்பர் என்று அடித்து, அழித்து, மறுபடியும் அதையே அடித்தார். பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்பியபோது விரல் ரேகை இருக்கும் பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பினார். முனைவர் பட்டம் வாங்கினவருக்கும் சில சமயம் மூளை அவ்வளவுதான் வேலை செய்கிறது.

பத்து நாளில் கூப்பிட்டார்கள். கார்மேகத்திடம் பாஸ்போர்ட் வேலையாகப் போவதாகச் சொன்னார். “ஆபீஸ்காரன் முன்னால இப்படியா போய் நிப்பீக” என்று அவன் தன் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தான்.

துறைத் தலைவர் டாக்டர் ஆமிரா, ஐதராபாத்காரர், ஐம்பது வயதிருக்கும். கூட இன்னும் இரண்டு பேர். ஆறுகளைப் பற்றிப் பத்து நிமிஷம் வகுப்பெடுத்துக் காட்டச் சொன்னார்கள். அன்பரசன் ஆற்றைத் தொடவே இல்லை. ஊரே மூழ்கிய அந்தப் பெருமழை நாளில் உங்கள் வீட்டுக்கு எந்தத் தெருவழியாகத் தண்ணீர் வந்தது என்று அவர்களைக் கேட்டார். மூவரும் சொன்னார்கள். போர்டில் அந்தத் தெருக்களை வரைந்தார். எது எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதினார். எல்லாம் அவரே கோல் பிடித்த இடங்கள். ஊர் வருவதற்கு முன்னால் அந்த வழியாக ஒரு வாடி, மழைக்கு மட்டும் ஓடும் ஆறு, எப்படி வளைந்து கடலுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஒரே கோட்டில் இழுத்துக் காட்டினார். தண்ணீர் பழைய பாதையில்தான் வந்தது, நாம்தான் குறுக்கே படுத்திருந்தோம் என்றார். பத்து நிமிஷம் இருபதாயிற்று. யாரும் நிறுத்தவில்லை.

அதன்பிறகு ஆமிரா கோப்பைப் புரட்டி ஒரு தாளில் நின்றார்.

“இது யாருடைய விரல்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அன்பரசன் எதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆமிரா கோப்பை மூடி வைத்தார்.

“ஒரு பொய்க் காகிதத்தோடு நான் உங்களை வகுப்புக்குள் விட முடியாது. சரிசெய்துகொண்டு வந்தால் தடுக்கவும் மாட்டேன்” என்றார். “பாஸ்போர்ட்டில் உங்கள் கையெழுத்து வர வேண்டும். உங்கள் உண்மையான படிப்பைத் தெரிந்துகொண்டே கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று கடிதம் தர வேண்டும். மூன்று வாரம் காத்திருப்பேன்.”

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. கம்பெனி ஆபீஸில் முகம்மது சித்தீக்கிடம் போய் நின்றார். தொழிலாளர் கோப்புகளைப் பார்க்கும் சித்தீக் காயல்பட்டினத்துக்காரர், நியாயமான மனிதர். சான்றிதழ் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார். “வேலைய ஒழுங்காப் பாத்திருக்கீங்க. அந்த பி.காம். பையன அனுப்புன மேனேஜரும் இப்ப இல்ல. இவரு ரெண்டு சத்தம் போடுவாரு, கலாஸ், அதோட முடிஞ்சிரும். ஆனா கார்மேகம் விசயம் வேற.”

 அதை அன்பரசன் நினைத்துப் பார்க்காமல் இல்லை. நினைக்கக் கூடாதென்று தள்ளி வைத்திருந்தார்.

“எழுத்தறியாதவர எழுத வச்சான்னுதான் அவனுக்குக் கேடயம், அந்தப் பொறுப்பு, எல்லாம்” என்றார் சித்தீக். “இப்ப நீங்க டாக்டர்னு கடிதம் போனா, அவனுக்கு இது தெரியுமான்னு மேனேஜர் கேப்பாரு. தெரியும்னா கூட்டுக் களவாணி. தெரியாதுன்னா...” முடிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நாளைக்குக் காலையில ரெண்டு பேரையும் கூப்பிடுறேன். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. என் வாயால அவன் கேக்க வேணாம்.”

அன்று சாயங்காலம் கேம்பின் பொதுச் சமையலறையில் கார்மேகம் தனியாக நின்று வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். அன்பரசன் பக்கத்தில் போய் நின்றார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

“கார்மேகம், நான் படிச்சவன்ப்பா” என்றார்.

“நாந்தானண்ணே படிக்க வச்சேன்” என்று அவன் சிரித்தான்.

“இல்லப்பா. முன்னாலேயே. டாக்டர் பட்டம் வரைக்கும் படிச்சிருக்கேன். ஊர்ல காலேஜ்ல ஏழு வருசம் வாத்தியாரா இருந்தேன்.”

கார்மேகம் அடுப்பை அணைத்தான். அவர் முகத்தையே பார்த்தான். விளையாட்டில்லை என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்ப நான் கையப் பிடிச்சு எழுத வச்சது?”

“தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். சொல்லிட்டா வேல போயிரும்னு பயம். பொறவு நீ சந்தோசப்பட்டத பாத்துட்டுச் சொல்ல முடியல.”

வெங்காயம் சட்டியில் அடங்கிக்கொண்டிருந்தது. கார்மேகம் கரண்டியைக் கீழே வைத்தான்.

“அத விடுங்கண்ணே. அது என் கிறுக்குத்தனம்” என்றான். குரல் உயரவே இல்லை. “நான் மூணு தடவ பத்தாவது எழுதுனேன். பிரைவேட்டா. லீவு போட்டு துபாய் போயி எழுதுனேன். மத்த பாடம் எல்லாம் தட்டுத் தடுமாறி வந்துருச்சு. மூணு தடவையும் சமூக அறிவியல்லதான் போச்சு. அந்தப் படத்த முன்னால வச்சுக்கிட்டு எது ஆறு, எது மலைன்னு தெரியாம ரூம்ல உக்காந்து முழிச்சேன். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா போர்மேன் ஆக்குறேன்னாக. நீங்க பக்கத்துக் கட்டில்லதான படுத்திருந்தீக.”

அன்பரசன் தலையைக் குனிந்துகொண்டார்.

“பாத்தீகளா இல்லையா?”

“பாத்தேன்” என்றார் அன்பரசன்.

பார்த்தார். மூன்று தடவையும் பார்த்தார். தீபகற்பப் பீடபூமியை அவன் தப்புத் தப்பாக மனப்பாடம் செய்துகொண்டிருந்ததைக் காதால் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கம்பெனியை ஏமாற்றினோம், சர்க்காரை ஏமாற்றினோம் என்றுதான் ஒன்பது வருஷமாக அவர் நினைத்து வருந்திக்கொண்டிருந்தார். அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டப்பட்ட ஆள் எதிரே வெங்காயச் சட்டியோடு நின்றான். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவர் பானுப்பிரியாவிடம் சொன்னார், அது உண்மை.

அன்றிரவு கார்மேகம் சாப்பிடவில்லை. 

காலையில் இருவரும் மேனேஜர் அறையில் நின்றார்கள். சித்தீக் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் அன்பரசனை இந்தியில் கொஞ்சம் திட்டினார். அப்புறம் கார்மேகத்தின் பக்கம் திரும்பி, உனக்கு இது தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும் சாப்” என்றான் கார்மேகம்.

அன்பரசன் வாயைத் திறந்தார். கார்மேகம் அவர் பக்கம் பார்க்காமலே, “மொதல்லருந்தே தெரியும். நாந்தான் யார்கிட்டயும் சொல்லாதீகன்னேன். கேடயத்துக்கு ஆசப்பட்டுச் செஞ்சது” என்று முடித்துவிட்டான்.

சித்தீக்குக்குப் புரிந்தது. அன்பரசனுக்கும் புரிந்தது. ஒரு டாக்டருக்கு ஆறு மாதம் ‘அ’, ‘ஆ’ சொல்லிக் கொடுத்த முட்டாள் என்று கேம்பே சிரிப்பதைவிட, களவாணி என்று பெயர் எடுப்பது அவனுக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது. களவாணியையாவது நாலு பேர் கெட்டிக்காரன் என்பார்கள். இல்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று உண்மையைச் சொல்லி, அவன் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றையும் பிடுங்க அன்பரசனுக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டார். ஒரு பொய்யை இறக்கி வைக்கப் போன இடத்தில் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளை ஹெல்மெட்டைத் திருப்பி வாங்கினார்கள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கார்மேகத்தின் கோப்பில் வைத்தார்கள். அன்பரசனுக்குக் கேட்ட கடிதம் கிடைத்தது.

அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே அறைக்குப் போனார். கார்மேகம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த பிளாக்கில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதாம்.

“கார்மேகம், வார மார்ச்சுல நீ திரும்ப எழுது. ஒரு நாள் விடாம நான் சொல்லித்தாரேன். ஒரே தடவையில பாஸ் ஆயிரலாம்” என்றார். 

கார்மேகம் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினான். கோபமாகக்கூட இல்லை.

“வேணாம்ணே” என்றான். “வேற யார்கிட்டயாவது கேட்டுக்கிறேன்.”

அன்பரசன் இப்போது ஞாயிறுதோறும் வகுப்பெடுக்கிறார். முப்பத்தோரு பேர். நர்சுகள், கிளார்க்குகள், கிடங்கில் வேலை செய்பவர்கள். அவருடைய வகுப்புக்கு யாரும் லீவு போடுவதில்லை என்று சுபிஷா சொல்கிறாள். மற்ற நாட்களில் கோல் பிடிக்கிறார். கார்மேகம் பழையபடி சுமை தூக்குகிறான். எதிரே வந்தால், “என்னண்ணே” என்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

இந்த வருஷம் கார்மேகம் பத்தாவது பாஸ் செய்துவிட்டான். சமூக அறிவியலில் நாற்பத்தொன்று. கொச்சிக்காரன் ஒருவன் இரண்டு மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தானாம். மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்ததை வைத்துத்தான் அது அன்பரசனுக்குத் தெரியும்.